வலசைக் காலத்தில் நீர்நிலைகளிலும் புல்வெளிகளிலும் பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் படப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு “இது என்ன பறவை?” என்று கேட்பதே வழக்கம். வலசைக் காலத்து நீர்நிலையிலும் புல்வெளியிலும் “இந்தப் பறவை ஏன் இந்த இடத்தில் நிற்கிறது?” என்று கேட்டால், முதல் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் அனுபவம். கீழுள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மாதங்களைக் குறிப்பிடும்போது, வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் தெற்கே வந்து தங்கும் பறவைகளையே கருத்தில் கொண்டிருக்கிறேன்.

வலசைக் காலம் எப்போது தொடங்குகிறது?

பலரும் நினைப்பதைவிட வெகு முன்னதாகவே தொடங்குகிறது. குளிர்காலம்தான் வலசைக் காலம் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், வடதுருவத்தை ஒட்டிய, மரமற்ற தூந்திரப் பகுதியில் முட்டையிடும் உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் ஜூலை மாதத்திலேயே தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. வளைமூக்கு உள்ளானில் ஆண் பறவை அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ பங்கெடுப்பதில்லை என்பதால், அதுவே முதலில் புறப்படுகிறது. பின்னர் பெண் பறவைகளும், எல்லாவற்றுக்கும் கடைசியாக அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகளும் வருகின்றன. பெற்றோர் முன்னே போய்விட, ஒருமுறைகூடப் பார்த்திராத பாதையில் இளம்பறவைகள் தாமாகவே வந்து சேர்கின்றன என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த வரிசையைக் களத்திலேயே காணலாம். ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் வந்திறங்கும் முதிர்ந்த பறவைகளின் முதுகு இறகுகள் ஓரம் தேய்ந்து, நிறம் வெளுத்து, துவைத்துத் துவைத்து நைந்த துணிபோல இருக்கும். வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். ஆகஸ்ட் இறுதிக்குப் பின் வரும் இளம்பறவைகளின் இறகுகளோ ஒன்றுகூடத் தேயாமல், ஒவ்வொன்றுக்கும் வெளிர்நிற விளிம்பு கட்டியதுபோல, மீன் செதிலை அடுக்கிவைத்தாற்போலக் காணப்படும். தெற்கு நோக்கிய வரவு நவம்பர் வரை நீள்கிறது. வடக்கு நோக்கிய திரும்பல் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது.

பறவைகள் ஏன் குறிப்பிட்ட சில நீர்நிலைகளிலேயே கூடுகின்றன?

நெடும்பயணத்துக்குத் தேவையான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்ள ஏற்ற இடங்கள் மிகக் குறைவு என்பதே காரணம். 2022 அக்டோபரில், பிறந்து ஏறத்தாழ ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து கிளம்பி, 11 நாள்கள் எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியாவை அடைந்ததை, அதன் உடலில் பொருத்தப்பட்டிருந்த செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. இத்தகைய பயணத்துக்கு முன் அந்த இனம் அளவுக்கு மீறித் தின்று கொழுக்கிறது. கிளம்பும் தறுவாயில் வழியில் பயன்படாத குடலும் இரைப்பையும் சுருங்கிவிடுகின்றன. ஆக, நாம் சேறு என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம் அதற்கு எரிபொருள் நிலையம்.

எரிபொருள் நிலையம் மூடப்பட்டால் வாகனம் அடுத்த ஊருக்குப் போய்விடலாம்; பறவைக்கு அந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. மஞ்சள் கடலின் கரையில், தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தைக் கடலிலிருந்து பிரிக்கும் 33 கி.மீ. நீளச் சுவர் 2006இல் அடைக்கப்பட்டபோது, அங்கு இளைப்பாறிய பறவைகள் பக்கத்துச் சேற்றுப்பரப்புகளுக்கு இடம் மாறிவிடும் என்று சிலர் நம்பினார்கள். அடுத்தடுத்த ஆண்டுக் கணக்கெடுப்புகளில் கிரேட் நாட் என்னும் உள்ளானின் எண்ணிக்கை அங்கு மட்டுமல்லாமல், அவை சென்று தங்கும் ஆஸ்திரேலியாவிலும் சரிந்தது.

நீர்நிலைக்குப் போனதும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரின் ஆழத்தைத்தான். பைனாக்குலரைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே, எங்கே சேறு ஈரமாக மின்னுகிறது, எங்கே தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிறது, எங்கே காற்றில் அலை எழும் அளவுக்கு ஆழம் இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் அளந்துவிட வேண்டும். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் கால் நீளமும் அலகு நீளமும் கழுத்து நீளமுமே முடிவு செய்கின்றன.

நீர் வற்றிய ஈரச்சேற்றிலும் அதன் விளிம்பில் ஓரிரு விரற்கடைத் தண்ணீரிலும் கொசு உள்ளான்களும் சிறிய உப்புக்கொத்திகளும் இரை தேடும். அதற்குச் சற்று உள்ளே பொரி உள்ளானும் பவளக்காலியும், இன்னும் உள்ளே பச்சைக்காலியும் நிற்கும். கருவால் மூக்கன் வயிறு நனையும் ஆழம்வரை இறங்கி, தலை முழுதும் மூழ்கும்படி அலகைச் செங்குத்தாகச் செலுத்தும். கிளுவையும் ஆண்டி வாத்தும் ஆழமற்ற நீரில் அலைய, நீண்ட கழுத்துடைய ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து, மற்ற வாத்துகளுக்கு எட்டாத அடிமண்ணை எட்டும். முங்கும் வாத்துகளுக்கு ஆழமான நடுப்பகுதி. இந்த அடுக்கை மனத்தில் வரைந்துகொண்டால், தொலைவில் மங்கலாகத் தெரியும் உருவம் எதுவாக இருக்கலாம், எதுவாக இருக்க முடியாது என்பது கணிசமாகத் தெளிந்துவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஏரி நிரம்பித் தளும்பும்போது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சேற்றுப் பறவைகளுக்கு அங்கே நிற்க இடமில்லை. நீர்மட்டம் மெல்ல இறங்கி, நாள்தோறும் புதிதாக ஒரு முழம் சேறு வெளிப்படும் வாரங்களே உள்ளான்கள் மிகுதியாகக் கூடும் வாரங்கள். “தண்ணீர் நிறைய இருக்கிறது, பறவையே இல்லை” என்று குறைபட்டுக்கொள்பவர்களுக்கு, தண்ணீர் நிறைய இருப்பதே காரணம் என்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நேரத்தில் போவது நல்லது?

உள்நாட்டு நீர்நிலைகளுக்கு, விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரமும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றவை. நடுப்பகலில் தரையிலிருந்து எழும் கானல் தொலைவிலுள்ள பறவையை உருக்குலைத்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய இயலாது. வெளிச்சம் முதுகுப்புறமிருந்து விழும்படி நிற்க வேண்டும் என்பதால், காலையில் நீர்நிலையின் கிழக்குக் கரையும் மாலையில் மேற்குக் கரையும் பொருத்தமானவை.

கடற்கரைக் கழிமுகங்களிலும் சேற்றுத்திட்டுகளிலும் கடிகாரத்தைவிட ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி வடிவதன், நேரமே முக்கியம். ஓதம் முழுதும் வடிந்திருக்கும்போது பறவைகள் பார்வைக்கெட்டாத தொலைவுக்குச் சிதறிவிடுகின்றன. ஓதம் ஏறும்போது சேற்றுப்பரப்பு சுருங்கச் சுருங்க அவை கரையை நோக்கி நெருங்கி வந்து, உச்சத்தில் ஏதேனும் ஒரு மணல்மேட்டிலோ உப்பளக் கரையிலோ ஒன்றாகக் கூடி ஓய்வெடுக்கும். உச்ச ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிடுவது நல்லது.

புல்வெளியில் மணிக்கணக்காக நடந்தும் எதுவும் தெரியவில்லை. எங்கே தவறு?

நடந்ததுதான் தவறாக இருக்கக்கூடும். நீர்நிலையில் பறவைகள் திறந்த வெளியில் நிற்கின்றன. புல்வெளியிலோ தரையின் நிறத்தையே உடுத்திக்கொண்டு, ஆள் நெருங்க நெருங்கப் பதுங்கி, கடைசி நொடியில் காலடியிலிருந்து எழும்பிப் போய்விடுகின்றன. எழும்பிய பறவையின் முதுகைத்தான் நம்மால் பார்க்க முடிகிறது. சற்று உயரமான ஓரத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், வெறும் புல்லாகத் தெரிந்த இடத்தில் முதலில் ஒரு நெட்டைக்காலி நடக்கும்; பிறகு கல் என்று நினைத்தது ஆள்காட்டியாக எழுந்து நிற்கும்.

இங்கும் நிலத்தைப் படிக்க வேண்டும். தண்ணீரின் ஆழத்துக்கு ஈடாக இங்கே புல்லின் உயரத்தைச் சொல்லலாம். கால்நடைகள் மேய்ந்து குட்டையாகிவிட்ட பரப்பில் ஆள்காட்டிகளும் வாலாட்டிகளும் வானம்பாடிகளும் இரை தேடும்; முழங்கால் உயரப் புல்லில் காடைகள் பதுங்கும்; தனித்து நிற்கும் முட்செடியின் உச்சியில் கீச்சான் காவல் இருக்கும்.

புல்வெளியின் வலசைப் பறவைகளில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், பூனைப்பருந்தைப் பாருங்கள் என்பேன். மற்ற பருந்துகளைப்போல உயரே வட்டமிடாமல், புல்லின் நுனியை உரசுவதுபோலத் தாழ்ந்து, சிறகுகளை அகன்ற ‘வி’ வடிவில் உயர்த்தியபடி, காற்றில் இலேசாக இருபுறமும் சாய்ந்தாடிக்கொண்டு, வயலை உழுபவர் சால் போடுவதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வரிசை வரிசையாகத் துழாவிச் செல்லும். ஆந்தையின் முகவட்டத்தை ஒத்த இறகமைப்பு அதற்கும் உண்டு. புல்லுக்கடியில் எலியோ வெட்டுக்கிளியோ எழுப்பும் சலசலப்பைக் கேட்டு, பறக்கும் போக்கிலேயே சட்டென்று முறுக்கித் திரும்பிக் கால்களை நீட்டி விழும். பொழுது சாயும் வேளையில் இவை பல திசைகளிலிருந்தும் வந்து, உயர்ந்த புல்லின் நடுவே தரையிலேயே கூட்டமாக அடைகின்றன. குஜராத்தின் வேலாவதர் புல்வெளி இத்தகைய பெரிய அடைவிடங்களில் ஒன்றாகப் பெயர்பெற்றது. அடைவிடத்துக்குள் எக்காரணம் கொண்டும் நடந்து போகக் கூடாது. தொலைவில் நின்று, அவை இறங்குவதை ஒவ்வொன்றாக எண்ணுவதே போதுமான அனுபவம்.

புல்வெளியைத் தரிசு என்று எழுதி, மரம் நட்டுப் “பசுமையாக்கும்” வழக்கம் பல நாடுகளிலும் இருக்கிறது. மரம் நடுவதை யாரும் குறை சொல்வதில்லை என்பதால், திறந்த வெளியையே நம்பியிருக்கும் பறவைகள் இடமிழப்பதையும் யாரும் கவனிப்பதில்லை.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

8×42 பைனாக்குலர் ஒன்று, குறிப்பேடு, பென்சில், தொப்பி, குடிநீர். முதல் எண் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. 12 மடங்கு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று எண்ண வேண்டாம். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும். பரந்த நீர்நிலைகளுக்கு முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி மிகவும் உதவும் என்றாலும், முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டிய பொருள் அன்று.

உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தை மறந்துவிட்டு, அது இரை தேடும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி கண்ணை நம்பி வாழ்கிறது: நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். பெரிய கண்ணும் குட்டை அலகும் அதற்குப் போதும். உள்ளான்களில் பல அலகின் நுனியில் அடர்ந்திருக்கும் தொடுவுணர்வை நம்புகின்றன. ஆகவே அவை நிற்காமல், தையல் இயந்திரத்தின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே பாதிக் கூட்டத்தைப் பிரித்துவிடலாம்.

அதன் பிறகு, எங்கும் தென்படும் மூன்றை நன்றாகப் பழகிக்கொள்வது நல்லது. சாதாரண உள்ளான் நிற்கும்போதெல்லாம் பின்பகுதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். மார்பின் வெண்மை தோளருகே கொக்கிபோல மேலேறும். பறக்கும்போது சிறகை முழுதாக வீசாமல் விறைப்பாக வைத்து நீரையொட்டித் துடித்துச் செல்லும். பொரி உள்ளானின் முதுகில் பொரி இறைத்தாற்போல வெண்புள்ளிகள் இருக்கும். கண்ணுக்கு மேல் நீண்ட வெண்புருவமும் மஞ்சள் சாயலுடைய கால்களும் உண்டு. மூன்றாவதான கருப்பு உள்ளான் முதுகு கருத்து, தனித்துத் திரிவது. எழும்பும்போது கரிய சிறகுகளுக்கு நடுவே பின்முதுகின் வெண்மை பளிச்சிடும். சிறகின் அடிப்பகுதியும் கருத்திருப்பதால் பொரி உள்ளானோடு குழப்பம் வராது. இவை மூன்றும் ஐயமின்றி வசப்பட்டுவிட்டால், இவற்றில் எதுவும் அல்லாத ஒன்று வரும்போது கண் தானே நின்றுவிடும்.

அக்டோபரில் வாத்துகள் அனைத்தும் பழுப்பாகவே இருக்கின்றனவே, ஆண்கள் எங்கே?

அங்கேயேதான் இருக்கின்றன. இனப்பெருக்கம் முடிந்தபின் ஆண் வாத்துகள் பகட்டான இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கலான கோலம் பூணுகின்றன. பறப்பதற்குரிய இறகுகள் ஒருசேர உதிர்ந்து சில வாரங்கள் பறக்கவே முடியாத நிலையில், கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு. நீலச்சிறகி ஆணுக்கு அழகிய கோலம் திரும்பக் குளிர்காலம் கடக்கும்வரைகூட ஆகலாம். அதுவரை, பறக்கும்போது தெரியும் சிறகின் முன்பகுதி நிறத்தையும் அலகின் வடிவத்தையும் நம்ப வேண்டும்.

மழையும் காற்றும் வலசையைப் பாதிக்குமா?

வெகுவாகப் பாதிக்கும். பின்காற்று வீசும் தெளிந்த இரவுகளில் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புகின்றன. எதிர்காற்றும் மழையும் வழிமறித்தால், கிடைத்த இடத்தில் இறங்கிவிடுகின்றன. எனவே, இரவில் மழை கொட்டி ஓய்ந்த விடியலில் எப்போதும் போகும் இடத்துக்கே போனாலும், முந்தைய நாள் இல்லாத பறவைகளைக் காண வாய்ப்பு அதிகம். சிறு பறவைகளில் பல இரவில்தான் வலசை போகின்றன. வானிலை ராடார்களில் அவற்றின் கூட்டங்கள் மழைமேகம்போலப் பதிவாகின்றன.

பறவைக்கு எவ்வளவு அருகில் போகலாம்?

மீட்டர் கணக்கில் விடை சொல்ல விரும்பவில்லை, பறவையே சொல்லிவிடும். இரை தேடிக்கொண்டிருந்தது தலையை நிமிர்த்தி நின்றால், அதுவே எல்லை. கூட்டத்தில் பல தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால், ஓரத்திலிருப்பவை நம்மிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கினால், எச்சரிக்கைக் குரல் கேட்டால், ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். நின்று, குனிந்து, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

தொடக்க காலத்தில் நான் ஒருமுறை, நூற்றுக்கு மேற்பட்ட கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்த சேற்றுத்திட்டுக்கு, இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று ஒரு படத்துக்காக நெருங்கிப் போனேன். தலைகள் நிமிர்ந்ததைப் பார்த்தும் அதன் பொருள் அப்போது தெரியவில்லை. கூட்டம் ஒரே வீச்சில் எழுந்து, வெள்ளையும் பழுப்புமாக இருமுறை திரும்பி, மறுகரையையும் தாண்டிப் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எனக்குக் கிடைத்தது மங்கலான ஒரு படம். அவை இழந்தது அந்தக் காலை நேரத்து மேய்ச்சலை. முப்பது கிராம் எடையைத் தொடாத உடம்புக்கு அது சிறிய இழப்பன்று. இப்போது நான் ஓரிடத்தில் தாழ்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். பல நாள்களில் பறவைகள் தாமாகவே மேய்ந்தபடி படத்துக்கு வேண்டிய தொலைவுக்கு வந்துவிடுகின்றன.

குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா? டிரோன் பறக்கவிடலாமா?

இரண்டும் வேண்டாம். நீர்ப்பறவைக் கூட்டங்கள் டிரோனை வேட்டைப் பறவையாகக் கருதி மொத்தமாக எழும்பிவிடக்கூடும்.

பெரிய கூட்டத்தை எண்ணுவது எப்படி?

முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவை வைத்து ஐம்பது, நூறு என்று கட்டம் கட்டமாகக் கூட்டத்தின் மறுமுனைவரை நகர்த்துங்கள். கூட்டத்தின் நடுவில் நெருக்கம் கூடுதலாக இருக்கும் என்பதை மறந்தால் கணக்கு குறைந்துவிடும். மறுமுனையிலிருந்து ஒருமுறை எண்ணி இரண்டையும் ஒப்பிட்டால் நம் தவறின் அளவு நமக்கே தெரியும். “ஏராளம்” என்று எழுதுவதைவிட “சுமார் 400” என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? அதனால் என்ன பயன்?

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அரிய பறவையை மட்டும் எழுதாமல், அன்று அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதையும் சேர்த்து முழுப்பட்டியலாகக் கொடுப்பதே பயனுள்ளது. அப்போதுதான் ஒரு பறவை அங்கு இல்லை என்பதும் தகவலாகிறது. இதுதவிர, 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கிறது.

பயனைப் பொறுத்தவரை, 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் ஏற்கப்பட்ட ஈரநிலப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, ஒரு நீர்நிலை 20,000 நீர்ப்பறவைகளுக்குத் தொடர்ந்து இடமளித்தாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கைத் தாங்கினாலோ, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த இடமாக அறிவிக்கத் தகுதி பெறுகிறது. அந்த எண்களை யாராவது கரையில் நின்று எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெல்லிய அலகுடைய கோட்டான் (ஆந்தை அன்று, Slender-billed Curlew என்னும் கரைப்பறவை) இனம் சான்று: 1995இல் மொராக்கோவின் மெர்ஜா செர்கா காயலில் காணப்பட்டதே அதன் கடைசி உறுதியான பதிவு. அது அருகி வருகிறது என்பதை உலகம் உணர்ந்தபோது, அது எங்கே முட்டையிடுகிறது என்பதுகூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

காலில் வளையமோ கொடியோ கட்டிய பறவையைப் பார்த்தால்?

1899இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன், ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையம் அணிவித்ததிலிருந்து இந்த முறை வளர்ந்தது. இப்போது கரைப்பறவைகளின் காலில் நிறக்கொடிகளும் கட்டப்படுகின்றன. எந்த நாட்டில் கட்டப்பட்டது என்பதை நிறச்சேர்க்கையே காட்டிவிடும். எந்தக் காலில், முழங்காலைப்போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறங்கள், எழுத்தோ எண்ணோ இருந்தால் அது என்ன என்பதை உடனே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்றால், இடது வலதாக மாறிவிடும்.

இறந்த பறவையைக் கண்டால் எடுக்கலாமா?

வேண்டாம், பறவைக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். தொடாமல் படமெடுத்து, இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து, கால்நடைத் துறையினருக்கோ வனத்துறையினருக்கோ தெரிவித்தால் போதும்.

பல இடங்களுக்குப் போவது நல்லதா, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதா?

பட்டியல் நீள வேண்டுமென்றால் பல இடங்கள். வலசையைப் பார்க்க வேண்டுமென்றால், நடந்துபோகும் தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு குட்டையோ புல்தரையோ போதும் என்பது என் கட்சி. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், பருவம் முழுவதும். ஆகஸ்டில் நைந்த இறகோடு வந்தவை, டிசம்பரில் சாம்பல் நிறமாகி, மார்ச்சில் முதுகில் ஒவ்வோர் இறகாகச் செம்மை ஏறி, ஏப்ரலில் உருண்டு கொழுத்து, மாலை வேளைகளில் காரணமின்றி எழும்பி இரண்டு சுற்று சுற்றி மறுபடி இறங்குவதை அப்படித்தான் பார்க்க முடியும். பிறகு ஒரு வாரம் போகும்போது சேற்றில் கால்தடங்கள் மட்டும் இருக்கும். அன்றைய தேதியையும் எழுதிவையுங்கள்.